சும்மா இருந்த நேரம்

கட்டளையின் பெயர் விரல்.
ஆங்கிலத்தில்தான் தட்ட வேணும், ஆனாலும்
தட்டும்போது எனக்குள்
விரல் என்றுதான் கேட்கும்.

விரல், ஓர் இடைவெளி, ஒரு பெயர்,
வால் சுழித்த அந்தக் குறி,
ஒலுவிலில் இருக்கும் கணினியின் பெயர்.
என்டர்.

வந்தாறுமூலையிலிருந்து கேள்வி புறப்படும்.
செக்பொயின்ரில் இறங்கி நடக்காது.
நாற்பத்தைந்து கட்டைத் தூரத்துக்கு
கொழும்பைச் சுற்றிக்கொண்டு போகுமாம்.
ஹர்த்தால் நாளிலும் போகும்,
பஸ் ஓடாத நாளிலும்.
நான் கதிரையை இழுத்து உட்காருமுன்
கிறுகி வந்து நிற்கும்:

பெயர்: ஆ. லெ. முஸாதிக்
உள்ளே வந்தது: காலை 8.04
சும்மா இருந்தது: 3 நிமிடம்
அஞ்சல் இல்லை.
திட்டம் இல்லை.

முதலில் வேலைக்காகத்தான் பார்த்தேன்.
லைன் உயிரோடு இருக்கிறதா என்று.
மறுகா
மூன்று நிமிடம் என்றால் தேத்தண்ணி என்று தெரிந்தது.
பகல் பன்னிரண்டரைக்கு இருபது நிமிடம், தொழுகை.
வெள்ளிக்கிழமை அது ஒன்றரை மணித்தியாலம்.
நோன்பு மாதத்தில்
தேத்தண்ணி நிமிடங்கள் இல்லாமல் போயின,
பின்னேரங்களில் விசைப்பலகை
நீண்ட நேரம் தொடப்படாமல் கிடந்தது.
தலையிடியாக்கும் என்று நினைத்தேன்.
முகம் தெரியாத ஒரு மனிசனின் தலையிடி.

ஒருநாள் கொம்மாதுறையில் பஸ்ஸை மறித்து
பெயர் என்ன, எங்கயிருந்து வாறாய்,
எப்ப வந்த நீ, எவ்வளவு நேரம் நின்ட நீ
என்று கேட்டார்கள்.
நான் தினமும் கேட்கிற அதே நாலு கேள்வி.
கேட்டவன் கையில் துவக்கு இருந்தது,
அவ்வளவுதான் வித்தியாசம்.
அன்றைக்கு நான் ஒலுவிலைக் கேட்கவில்லை.
அடுத்த நாள் கேட்டேன்.
வெட்கமாக இருந்தது, கேட்டேன்.

அன்றைக்குத் திட்டம் இல்லை என்ற இடத்தில்
இரண்டு வரி இருந்தது:

பிரிண்டருக்கு மை வந்தால் பிரிண்டரைத் திருத்துவது.
வராவிட்டால் கடல்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

நேற்று பணிப்பாளரின் கடிதம் வந்தது.
எழுபத்தொன்பதாம் வாசலை
இன்று நாலு மணிக்குள் மூடவும்.
யாரும் வெளியிலிருந்து வந்து
எங்கள் பெயர்களை அள்ளிப் போகலாமாம்.
சரிதான்.
இந்த ஊரில் ஒரு பெயர்ப்பட்டியல்
வெளியே போனால் என்ன நடக்கும் என்று
எங்களுக்கு எவரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

மூடுமுன் பதிவேட்டைத் திறந்தேன்.
ஒழுங்குக்காக. யார் யார் இந்த வாசலைத் தட்டினார்கள்.

ஒலுவில், காலை 8.10, கோகிலவதனி.
ஒலுவில், காலை 8.10, கோகிலவதனி.
ஒலுவில்.
உருட்ட உருட்ட முடியவில்லை.
டெங்கில் நான் கிடந்த ஒன்பது நாளும்
நாளுக்கு ஆறு தரம்.
ஒருநாள் இரவு பதினொன்றே முக்காலுக்கு.

என் இயந்திரம் அவருக்கு என்ன சொல்லியிருக்கும்?
சும்மா இருந்தது: ஒன்று, இரண்டு, ஒன்பது நாள்.
அஞ்சல் இருக்கிறது, வாசிக்கவில்லை.
திட்டம் இல்லை.
என் எந்த மூன்று நிமிடத்தை
எதுவென்று அவர் படித்திருப்பார்?
ஜன்னலில் நின்று மழை பார்த்ததை
ஆர் கண்டது.

மூன்றே முக்கால்.
'வாசல் மூடியாச்சா?' என்று சேர் எட்டிப் பார்த்தார்.
'எந்தக் கோப்பில் இருக்கெண்டு தேடுறன் சேர்,
நாளைக்குக் காலமை முடியும்.'
அது எங்கே இருக்கிறதென்று
கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன்.

அவர் போனபின்
இத்தனை வருசமும் வெறுமையாய்க் கிடந்த
என் திட்டக் கோப்பைத் திறந்து எழுதினேன்:

எங்களுக்கு மை வந்துவிட்டது, இரண்டு பெட்டி.
ஒன்று மிச்சம்.
வாசல் நாளை 8.15க்கு மூடும்.

தொலைபேசி இலக்கத்தை எழுதி, அழித்து,
திரும்பவும் எழுதினேன்.
சேமித்தேன்.

சும்மா இருந்தது: 0 நிமிடம்.